கழுவித் தேய்த்த குப்பை

குப்பையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் அது குப்பையில் சேராது என்பதை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் மகுடேஸ்வரன் கொல்லைப்புறக் கதவோரம் நின்றார்.

மயிலாள் துணி துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து பால் கவர்களை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தாள். கொடியில் ஏற்கெனவே சில பால் கவர்கள், ஒரு மிக்சர் பாக்கெட், ஒரு மாத்திரை அட்டை எல்லாம் கிளிப் மாட்டி வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. ஏற்றுமதிக்குப் போகும் பனியன்கள்கூட அத்தனை ஒழுங்காகத் தொங்கி அவர் பார்த்ததில்லை.

"ஏ மயிலா, என்ன பண்ற?"

"பாத்தாத் தெரியலீங்களா? குப்பையத் தொவைக்கறேன்."

"மேடம் அழுக்கோடதான் கொண்டாரச் சொன்னாங்க. ஒரு வாரத்துக் குப்பைய அப்படியே பையில கட்டிட்டு வரோணும். அதைய வெச்சுத்தான் இன்னிக்குப் பாடமே."

"சொல்றவங்க சொல்லுவாங்க. மகுடேஸ்வரன் ஊட்டுப் பால் கவர்ல ஈ மொய்க்குதுன்னு நாளைக்கு நாலு பேரு பேசுனா, உங்க மேடமா வந்து பதில் சொல்லுவாங்க?"

"ஆரு ஊட்டுக் குப்பைன்னு ஒருத்தருக்கும் தெரியாது புள்ள. பைக்கு நம்பர் போட்டு, கலைச்சுத்தான் குடுப்பாங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க. குப்பையப் பாத்தே ஆளக் கண்டுபுடிக்கறதுதான் பாடம்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மயிலாள் கசங்கிப் போன காதுகுத்துப் பத்திரிகை ஒன்றை எடுத்துப்போய் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு பாதாம் பருப்பு டப்பா.

"நம்ம ஊட்ல எப்ப பாதாம் தின்னோம்?"

"பக்கத்து ஊட்ல வாங்கிட்டு வந்தேன். பாக்கறவங்க தின்னோம்னு நெனைக்கட்டுமே!"

அவர் டப்பாவை வெளியே எடுத்து வைத்தார். அவள் உள்ளே வைத்தாள். அவர் மறுபடி எடுத்தார். வீட்டு வேலைக்கு வரும் முத்தாத்தாள் விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் வந்தவள், "வகுப்புக்கு நேரமாகுதுங்க அய்யா" என்றாள். டப்பா உள்ளேயே இருந்துவிட்டது. மயிலாள் ஒவ்வொரு துண்டையும் தன் கையால் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கல்யாணச் சீர் அடுக்குவதுபோலப் பையில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். "மேலாக்கப் பாத்துட்டு உட்ரப் போறாங்க."

மகுடேஸ்வரன் வகுப்புக்குப் போகிற ஆளான கதையையும் சொல்லிவிட வேண்டும். பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர் அவர். முதலாளி என்று பெயர்தானே தவிர, வாழ்க்கை முழுவதும் செக்கிங் டேபிளில்தான் கழிந்தது. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன ஒரு தையல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். பீஸ் திரும்பிப் போகும். கம்பெனியை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது வேலை தீர்ந்துவிட்டது, ஸ்டிக்கர் தீரவில்லை. சுண்ணாம்பு பொரிந்த சுவரில் ஒட்டினார். ஓரம் கோணிய ஜன்னல் திரையில் ஒட்டினார். ஒருநாள் வட்டம் பிசகிய தோசை ஒன்றின்மேல் அம்புக்குறியைக் கண்ட மயிலாள், கல்லை இறக்கி வைத்துவிட்டு, அந்த வாரமே ஒரு கல்லூரி விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தொல்பொருள் ஆய்வகப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, வயது தடையில்லை.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"பழசுல எல்லாம் குறை நெறைய இருக்கும். போய்ப் பாருங்க."

போனார். முதல் வகுப்பிலேயே கலவரம். பானை ஓடுகளைப் பிரஷ் போட்டு மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, விளிம்பு தனி, அடி தனி என்று பிரிக்கக் கொடுத்திருந்தார்கள். ஆசிரியை நித்யஸ்ரீ ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குள், மகுடேஸ்வரனின் தட்டில் இருந்த அத்தனை ஓடுகளிலும் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது.

"சார், என்ன இது?"

"சூடு சமமாப் போகலீங்க மேடம். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் செவப்பு. இதுல கனம் ஏறி எறங்குது. இது முழுசா ரிஜெக்ட்டுங்க."

நித்யஸ்ரீக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"செஞ்சவரு போயி ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு சார். ஆருகிட்டத் திருப்பி அனுப்பறது?" ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்தபடியே சொன்னாள். "இங்க குறை பாக்க வேண்டாம் சார். என்ன நடந்திருக்கும்னு மட்டும் கேளுங்க. ஓடு பதில் சொல்லும்."

அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

மயிலாள் கட்டிக் கொடுத்த பையோடு போன அன்றைக்கு, எல்லாருடைய குப்பைப் பைகளும் கலைக்கப்பட்டன. முன்பின் தெரியாத ஒரு வீட்டைத் தோண்டியதுபோல நினைத்து, கிடைத்ததை வகை பிரித்து, அங்கே வாழ்ந்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். மகுடேஸ்வரனுக்கு யாரோ ஒருவருடைய வெண்டைக்காய்க் காம்புகள் வந்தன. அவருடைய பை, மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் செங்கோட்டையனிடம் போனது. பையைத் திறந்ததும் சோப்பு வாசனை அடித்ததில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

செங்கோட்டையன் எழுந்து, கல்யாண மண்டபத்தில் மொய் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"இந்த ஊட்ல பெரியவங்க ரெண்டு பேருங்க. ஒருத்தருக்குச் சக்கரை வியாதி. மாத்திரை அட்டை இருக்குது. பாதாம் டப்பா இருக்குது, ஆனா ஊட்ல ஆரும் பாதாம் திங்கறதில்லீங்க, டப்பாவுக்குள்ளார தூசி. கவுரவத்துக்கு வெச்சிருக்கறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மகுடேஸ்வரனும் பொதுவாகச் சிரித்து வைத்தார்.

"அப்பறம் ஒரு கொழந்தைங்க. ஒரு வயசுக்குள்ளார இருக்கும். இந்த ஊட்லயே இருக்கறதில்ல. வாரத்துல ஒருக்கா வந்துட்டுப் போகுது. ஒரே ஒரு ரஸ்க், பல்லில்லாத வாயி சப்பிச் சப்பிக் கரைச்சது. ஒரே ஒரு நாளைக்கு உண்டான கேப்பைக் கூழ் பாக்கெட்டு. அப்பறம் கொழந்தச் சட்டையில இருந்து வெட்டுன சைஸ் லேபிள் ஒண்ணு."

"கொழந்தயும் இல்ல ஒண்ணும் இல்ல!" மகுடேஸ்வரன் எழுந்துவிட்டார். "அந்த ஊட்ல கொழந்தயே கெடையாதுங்க!"

செங்கோட்டையன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஆய்வகம் அதிர்ந்து சிரித்தது. யாருடைய குப்பை என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. மயிலாள் இதற்குத்தான் பயந்தாள்.

"பக்கத்து ஊட்டுக் குப்பை கலந்துபோச்சுங்க மேடம்" என்று சமாளித்தார். "பாதாம் டப்பா வந்த வழியாத்தான் அந்த லேபிளும் வந்திருக்கோணும். இப்பவே காட்டறேன் பாருங்க."

லேபிளை வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

சின்னஞ்சிறு வெள்ளை லேபிள். தையலை ஒட்டி நேராக வெட்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம். இது அப்படி வெட்டப்படவில்லை. நடுவில் நேராக ஓடிய வெட்டு, இரண்டு ஓரத்திலும் தையலை நோக்கி வளைந்து ஏறியிருந்தது. அதனால் லேபிளின் இரு முனையும் கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைத்ததுபோலச் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தன.

இப்படி லேபிள் வெட்டுகிற மனிதர்களை அவருக்குத் தெரியும். உலகத்தில் இரண்டே பேர். லேபிளை நேராக வெட்டினால் சட்டையில் மிச்சமிருக்கும் துணுக்கின் முனை குழந்தையின் கழுத்தில் குத்தும். அதனால் ஓரத்தை வளைத்து வெட்ட வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் மகுடேஸ்வரன். தன் மகள் தேஜஸ்ரீ கைக்குழந்தையாக இருந்தபோது, கழுத்தில் சிவந்த தடிப்பைப் பார்த்துவிட்டு, செக்கிங் டேபிள் விளக்கடியில் உட்கார்ந்து அவளுடைய அத்தனை சட்டைக்கும் இப்படித்தான் வெட்டினார். அவள் வளர்ந்து கத்தரி பிடிக்கத் தெரிந்ததும் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"என்ன சார், பக்கத்து வீடுதானா?" என்றாள் நித்யஸ்ரீ.

"ஆமாங்க" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

தேஜஸ்ரீ தன்னோடு வேலை பார்த்த பெரியகருப்பன் என்கிற சிவகங்கைப் பக்கத்துப் பையனைக் கட்டிக்கொண்டது மகுடேஸ்வரனைக் கேட்டு அல்ல. அவர் அந்தப் பையனை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஊர் ஒத்துவரவில்லை, சனம் ஒத்துவரவில்லை, மீசைகூடச் சரியில்லை என்று பட்டது. தலை முதல் கால்வரை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். கடைசியாக மகளைப் பார்த்து, "நானாக் கூப்புடற வரைக்கும், நான் இருக்கற ஊட்ல நீ காலு வெக்கக் கூடாது" என்றார்.

தேஜஸ்ரீ அவருடைய மகள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கொடுத்த விதிமுறையை எழுத்து பிசகாமல் நிறைவேற்றுகிற பரம்பரை. அதற்கப்புறம் அவர் இருக்கிற வீட்டில் அவள் கால் வைக்கவே இல்லை. பேத்தி பிறந்த செய்தியை மயிலாள் முத்தாத்தாளிடம் சொல்வதுபோல, ஆனால் கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று பிற்பாடு முத்தாத்தாள் தெருவில் சொன்னதாகக் கேள்வி.

கூப்பிட வேண்டும் என்று தோன்றாத நாளில்லை. ஆனால் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்பதில் தடங்கல். ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துச் செக் பண்ணுவார், குறை இருக்கும், ஒதுக்கிவிடுவார்.

இப்போது விஷயம் விளங்கிவிட்டது. அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவர் இல்லாத வீட்டுக்கு மகள் வருகிறாள். விதி மீறவில்லை. மயிலாள் அவரைப் படிக்க அனுப்பியதே வீட்டைக் காலி பண்ணத்தான்!

கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. பதிலாக, அந்த ரஸ்க்கை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று செங்கோட்டையனிடம் கேட்டார்.

வகுப்பு முடிந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தவர், தெருமுனை பேக்கரியைத் தாண்டியதும் நின்றுவிட்டார். நேரே போய்விடலாம். போய்? "வா கண்ணு" என்று சொல்லலாம். அவள் "மாட்டேன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டால்? இப்போதைக்கு வாரம் ஒரு சப்பின ரஸ்க்காவது வீட்டில் கிடைக்கிறது. அதுவும் நின்றுபோகும். வேண்டாம். அவர்கள் பயந்து ஓடாமல் நிதானமாகக் கிளம்ப நேரம் கொடுப்போம் என்று தெருமுனையிலேயே ஹார்னை நீளமாக அடித்தார். சற்றைக்கெல்லாம் வீட்டு வாசலிலிருந்து ஒரு ஆட்டோ கிளம்பி அந்தப் பக்கமாகப் போனது. தன்னுடைய பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டு வண்டியை நகர்த்தினார்.

"என்னங்க, பாடம் எப்படி? குப்பைய நல்லாப் பாத்தாங்களா?" என்றாள் மயிலாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். பாதாம் டப்பாவக் கண்டுபுடிச்சுட்டாங்க."

"அது மட்டுமா?"

"அது மட்டுந்தான்."

மயிலாள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். பிடிபடாமல் தப்பித்த நிம்மதி என்று மகுடேஸ்வரன் பொருள் கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் அடுப்படிக் குப்பைக்கூடை அகழாய்வுக் குழி ஆனது. "ஹோம்வொர்க்" என்று சொல்லிவிட்டுத் தாளை விரித்துக் கவிழ்ப்பார். மயிலாள் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய அதிர்ஷ்டமோ என்னவோ, வேண்டியதெல்லாம் கூடையில் மேலாகவே கிடைத்தது.

ஒரு வாரம் ரஸ்க்கில் இரண்டு சின்னப் பள்ளம். கீழ்ப்பல் முளைத்துவிட்டது! அவர் அதைக் கம்பெனியில் மிச்சமான பாலிதீன் கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். இன்னொரு வாரம் வாழைப்பழத் தோலில் ஐந்து விரலும் பதிந்த பிசுக்கு, இடது கை. தேஜஸ்ரீயும் இடது கைதான். ஷோகேஸ் கண்ணாடியில் முழங்கால் உயரத்துக்கும் கீழே உள்ளங்கை அடையாளம் இருந்தது. சில வாரம் போனதும் அது ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. பிடித்துக்கொண்டு நிற்கிறது! முத்தாத்தாள் துணியோடு வந்தபோது, "அந்தக் கண்ணாடியத் தொடைக்காத!" என்று கத்திவிட்டார்.

"ஏனுங்க அய்யா?"

"அது… தூசி இருக்கட்டும். தூசிதான் காலத்தச் சொல்லும்."

முத்தாத்தாள் அவரையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிங்க, காலம் இருக்கட்டுங்க" என்று போய்விட்டாள்.

நிற்கிற குழந்தை விழும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே மேசை, கட்டில், டீப்பாய் என்று வீட்டில் கூர்மையான அத்தனை மூலைகளுக்கும் பனியன் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டினார். வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் பல் பிடுங்கிக் கட்டுப் போட்டதுபோல இருந்தது.

"இது ஏனாத்துக்குங்க?"

"எனக்கு இடிக்குது."

"டீப்பாய் மூலை உங்களுக்கு எங்கத்தங்க இடிக்கும்?"

"வயசாகுதில்ல, குனிஞ்சு நடக்கறேன்" என்று சொன்னவர், அதை நிரூபிக்க மயிலாள் பார்க்கும்போதெல்லாம் குனிந்து நடக்க வேண்டியதாயிற்று. இரண்டே நாளில் உண்மையாகவே இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு மின்தடையால் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போக முடியாது, குழந்தை இருக்கும். தெருமுனை பேக்கரியில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தால் கடைக்காரர் பார்ப்பாரே என்று ஒரு பப்ஸ். அப்புறம் ஒரு தேங்காய் பன். அப்புறம் டீ, சர்க்கரையோடு. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. டாக்டர் திட்டினார். அவருக்குள் எங்கோ ஓரிடத்தில் இனித்துக்கொண்டே இருந்தது.

பேத்திக்கு என்ன பெயர் என்பதை மட்டும் குப்பையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தொல்லியலுக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் இடி விழுந்தது. "அடுத்த வாரம் கடைசி சார்" என்றாள் நித்யஸ்ரீ. "செய்முறைத் தேர்வு வெச்சு, சர்டிபிகேட் குடுத்துருவோம்."

மகுடேஸ்வரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். வகுப்பு முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும். அவர் இருந்தால் அவர்கள் வரமாட்டார்கள். வழி ஒன்றுதான். பெயிலாக வேண்டும்.

தேர்வன்று ஆளுக்கு ஓர் உடைந்த பொருள். அவருக்கு வந்தது ஒரு சின்ன மண்கிண்ணத்தில் பாதி. விட்டம் என்ன, எப்படிச் சுட்டது, எதற்குப் பயன்பட்டது என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். ஆதாரமே இல்லாமல் வாயில் வந்ததை உளறிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தார்.

"இதைய ஒரு அம்மா, கொழந்தைக்குன்னு வாங்குனதுங்க மேடம். அடி மட்டும் கனமா இருக்குது பாருங்க, தட்டிவுட்டாலும் கவுறாது. விளிம்புல இந்த ஒரு பக்கந்தான் தேஞ்சிருக்குது. அப்பத்தான் பல்லு மொளைச்சிருக்கும். சோத்தோட கிண்ணத்தையும் சேத்துக் கடிச்சிருக்கும். எடது கையில புடிச்சிருக்குது." குரல் தானாக இறங்கியது. "அந்த ஊட்ல ஒரு கெழவனும் இருந்திருப்பானுங்க. அவனுக்கு அந்தக் கொழந்தயத் தூக்கோணும்னு ஆசை. வாயத் தொறந்து கேக்கத்தான் தெரியாது. அதனால எல்லாரும் போனதுக்கப்பறம் இந்தக் கிண்ணத்த எடுத்து எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருந்திருப்பான். அடியில இங்க வழவழன்னு இருக்குதுங்களே, இது அவன் வெரலு."

உட்கார்ந்தார். உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை, சுழி நிச்சயம் என்று நினைத்தார்.

செங்கோட்டையன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நித்யஸ்ரீ கிண்ணத்தை வாங்கி லென்ஸில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தக் கெழவனுக்கு ஆதாரம் பத்தாது சார்" என்றாள் மெதுவாக. "ஆனா விளிம்புத் தேய்மானம் நீங்க சொன்னது சரி. நான் எத்தனையோ தடவ இதைய எடுத்துப் பாத்திருக்கறேன். என் கண்ணுல படலை. நீங்கதான் பர்ஸ்ட்."

"அய்யோ, வேண்டாங்க மேடம்!"

"என்ன சார்?"

"என்னையப் பெயிலாக்கிருங்க கண்ணு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பெயிலானாலும் அடுத்த வகுப்பு வர்ற வருஷந்தான் சார்" என்று சிரித்தாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் மாணவர் என்று போட்ட சான்றிதழை வண்டி சீட்டுக்கு அடியில், பழைய மழைக்கோட்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"பெயிலு" என்றார். "இனி வாராவாரம் ஸ்பெஷல் கிளாஸ் வரச் சொல்லிட்டாங்க."

மயிலாளின் முகம் விழுந்துவிட்டது.

"இத்தன நாள் படிச்சுமா? எதுலீங்க பெயிலு?"

"கெடைச்சதைய வெச்சு என்ன நடந்துச்சுன்னு சொல்றதுல."

"அதுல நீங்க பெயிலாத்தானுங்க இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு மயிலாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாமான் விழுகிற சத்தம் பலமாகக் கேட்டது.

மறு ஞாயிறு. சாப்பாட்டுப் பையும் லென்ஸுமாகக் கிளம்பி, தெருவைச் சுற்றிக்கொண்டு பேக்கரியின் பின்மேசையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் கேட்காமலே பப்ஸ் வைத்தார். இரண்டாவது கடி கடிக்கும்போது எதிரே முத்தாத்தாள் நின்றாள். கையில் ரஸ்க் பாக்கெட்.

"அய்யா! கிளாஸுக்குப் போகலீங்களா?"

"உஸ்! மெதுவா." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். "என்னைய இங்க பாத்தேன்னு அம்மாகிட்டச் சொல்லாத. கிளாஸெல்லாம் முடிஞ்சு போச்சு முத்தாத்தா. எனக்கு எல்லாந் தெரியும். தேஜு வந்திருக்குதுல்ல? கொழந்தயும்?"

முத்தாத்தாள் வாயைப் பிளந்தாள். "உங்களுக்குத் தெரியுங்களா?"

"மொதல் குப்பையிலயே தெரிஞ்சு போச்சு. ஒரு லேபிள். நம்ம பாப்பா வெட்டு. அம்மா கவனிக்காம உட்டுட்டாங்க, எங்கண்ணுல பட்டுருச்சு." அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "நான் கண்டுபுடிச்சது தெரிஞ்சா வர்றத நிறுத்திருவாங்க. அதான், அவங்க கிளம்பட்டும்னு தெருமுனையில ஹார்னடிச்சுட்டே வர்றேன். இருக்கட்டும், நிம்மதியா வந்துட்டுப் போகட்டும். நீ ரஸ்க்கக் கொண்டு போ, கொழந்த அழுகும்."

முத்தாத்தாள் ரஸ்க் பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"ஏஞ்சாமி, பால் கவரைக்கூடத் திருப்பித் திருப்பிப் பாத்துக் கழுவுன அம்மா லேபிளக் கவனிக்காமயா உடுவாங்க? அதைய வெட்டிக் குடுத்ததே தேஜு பாப்பாதானுங்க! இதைய மட்டும் பாத்தாப் போதும், அப்பா ஓடியாந்து கூப்புட்ருவாருன்னு அன்னிக்கிருந்து வாராவாரம் நீங்க வர்ற நேரத்துக்குக் கொழந்தயத் தூக்கிட்டு வாசல் கேட்டுப் பக்கத்துலயே நிக்குது. நீங்களானா தெருமுனையில ஹார்னடிச்சுத் தொரத்தறீங்க… அந்தக் காலேஜுக்குப் போயி என்னத்தத்தானுங்க படிச்சீங்க?"